அக்கரையில் நின்ற தாய்

திருச்சி மலைக்கோட்டையில் ஏறுகிறவர்களில் பலரும் உச்சிப்பிள்ளையாரை நினைத்தே ஏறுகிறார்கள். அவருக்குக் கீழே, வழியிலேயே தாயுமானவர் சந்நிதி. இரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியது. துணைக்கு வரப் பூம்புகாரிலிருந்து கிளம்பிய அவளுடைய தாயைக் காவிரி வெள்ளம் மறித்துவிட்டது. இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். வெள்ளம் வடிந்து பெற்றவள் வாசலில் வந்து நின்றபோதுதான், அதுவரை உள்ளே இருந்தவர் யார் என்பது தெரிந்தது. சுகப்பிரசவத்துக்காக இங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்வது இன்றும் வழக்கம்.

இந்தக் கதையைக் கேட்கும்போது என் மனம் முதலில் போவது அக்கரையில் நின்ற அந்த அம்மாவிடம்தான். மகள் வலியில் துடிப்பாள் என்று தெரிந்தும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவள். 'பெற்றவள் வரவில்லையே' என்று புராணம் அவளை ஒரு சொல் குறை சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல். என் அம்மாவும் எத்தனையோ மாலைகளில் அக்கரையில் இருந்தவள்.

அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். அது டிரங்க் கால் காலம். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் நம்பரைப் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தக்க கட்டணம். இன்னார் வந்தால்தான் பேசுவேன் என்றால் பி.பி. கால். போர்டில் விளக்கு எரிந்ததும் வயரைச் செருகிக் குரல் கொடுப்பாள். அந்தப் பக்கம் ஆள் கிடைத்ததும் இருவரையும் சேர்த்துவைத்து, நேரத்தைச் சீட்டில் குறித்துக்கொண்டு, தான் விலகிக்கொள்வாள். மூன்று நிமிடம் முடிந்ததும் நினைவூட்ட மட்டும் மறுபடி வருவாள்.

இரண்டு உயிர்களைச் சேர்த்துவிட்டு நடுவிலிருந்து விலகுவது எளிதான காரியம் இல்லை. தியானத்தில் உட்கார்ந்து பலரும் தேடுகிற ஒன்றை அம்மா தன் வேலையில் தினமும் பழகிக்கொண்டிருந்தாள் என்றே நம்புகிறேன். விலகும் முன் காதில் விழுந்த ஓரிரு வார்த்தைகளே போதும், அந்தப் பக்கம் சாவா, பிறப்பா என்று தெரிந்துவிடும். அதை வெளியே சொல்லும் ஊழியருக்கு 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் சிறைத் தண்டனை வைத்திருந்தது. அம்மாவைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் இல்லாமலும் இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, விளக்கின் முன் சிறிது நேரம் கண்மூடி நிற்பாள். பிறகுதான் அடுப்படி. களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். "யார் யாருக்காகவோ வேண்டிக்கிட்டேன். பேரு தெரியாது, ஊரு மட்டும்தான் தெரியும்" என்று பின்னாளில் ஒருமுறை சொன்னாள். அன்றைய அவளுடைய பிரார்த்தனை புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை என்று ஊர்ப் பெயர்களாகவே இருந்திருக்கிறது. இதைவிட எளிய நாமாவளியை நான் கேட்டதில்லை.

1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்தை ஒட்டிப் புயல் கரை கடந்தது. திருச்சிக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அம்மா டூட்டியில், அப்பா வெளியூரில். தண்ணீர் வாசற்படி ஏறியபோது பக்கத்து வீட்டு அத்தை எங்களை இடுப்பிலும் தோளிலும் தூக்கித் தன் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனாள். சுடுசோறு பிசைந்து கொடுத்தாள். தம்பி அழுதழுது அவள் மடியிலேயே உறங்கினான். அதே இரவில் அம்மா, அறுந்தது போக மிஞ்சிய லைன்களில், "எங்க புள்ளைங்க பத்திரமா இருக்காங்களா" என்று கேட்ட யாரோ பெற்றவர்களுக்குக் குரல் தேடித் தந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் சேற்றில் நடந்து வந்தவள், எங்களைத் தொடுவதற்கு முன், தன்னைவிட வயதில் சின்னவளான அத்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னக்கா இது" என்று பதறிப்போய்ப் பின்வாங்கினாள் அத்தை.

'புள்ளைங்கள விட்டுட்டு அப்படி என்ன வேலை' என்ற பேச்சு அம்மாவின் காதுக்கும் வராமல் இல்லை. அவள் பதில் சொன்னதில்லை. தாய்மை ஒருத்தியின் சொத்து என்று நினைப்பவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி எழும். அது ஆற்றுநீரைப் போன்றது. ஒரு மடை அடைபட்டால் இன்னொரு மடையைத் தேடிக்கொள்ளும். அன்று அத்தையின் மடியில் பாய்ந்தது. அம்மாவிடமிருந்து முகம் தெரியாத எத்தனை வீடுகளுக்குப் பாய்ந்ததோ! வராத தாயின் இடத்தில் இறைவன் வந்து நின்ற ஊரில் பிறந்தவள், இதை நம்பித்தான் தினமும் எங்களை விட்டுவிட்டுப் படியிறங்கியிருக்கிறாள்.

எஸ்.டி.டி. வந்து டிரங்க் போர்டுக்கு வேலை குறைந்தபோது அவளுக்கு வருத்தமில்லை. "ஜனங்க நேரடியாப் பேசிக்கிறாங்க, நடுவுல ஆளு எதுக்கு" என்றாள். நம்பர் விசாரிக்கிற 197-க்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரி நம்பர் கேட்பவர்களுக்கு எண்ணைச் சொல்லிவிட்டு, "நல்லபடியா ஆயிடும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வாள். விதிப்படி அதெல்லாம் பேசக் கூடாது என்று மேலதிகாரி கண்டித்திருக்கிறார். ஓய்வு பெறும்வரை அவள் அதை மட்டும் விடவில்லை.