அடிமை எனும் பெயர்

மனிதனுக்குப் பெயர் எதற்கு? ஒருவனை மற்றவரினின்றும் பிரித்தறிவதற்கு என்பர். ஆயின், அப்பெயரே அவனைப் பிறனொருவனின் உடைமையாகக் காட்டுமாயின், அதனை அவனுடைய பெயர் என்று சொல்லுதல் தகுமோ? இவ்வினாவை ஆராயப் புகும் நமக்கு, யூதரின் பழைய வேதநூலில் பலரும் கவனியாது கடந்து செல்லும் சிறு பெயரொன்று துணை செய்கின்றது. எரேமியாவின் ஆகமத்தில் வரும் எபெத்மெலேக் என்பதே அப்பெயர்.

எபிரேய மொழியில் ‘எபெத்’ என்பது அடிமை, ஊழியன் எனப் பொருள்படும். ‘மெலேக்’ என்றால் அரசன். அரசனின் அடிமை என்பதே பெயரின் பொருள். அம்மொழியில் வீட்டடிமைக்கும் அமைச்சனுக்கும் இந்த ‘எபெத்’ என்னும் ஒரு சொல்லே வழங்கிற்று. யெருசலேமுக்கு வடக்கே தெல் என்-நஸ்பே என்னுமிடத்தில் 1932-ஆம் ஆண்டில் கல் முத்திரை ஒன்று கிடைத்தது. சேவலின் உருவம் பொறித்த அம்முத்திரையில் யசனியா என்னும் பெயரும், அதனையடுத்து ‘அரசனின் ஊழியன்’ என்னும் பட்டமும் காணப்படுகின்றன. பெரிய மனிதர்க்குப் பெயர் முன்னே, பட்டம் பின்னே. நம் எபெத்மெலேக்குக்கோ பட்டம் போன்ற அவ்விரு சொற்களைத் தவிர வேறு பெயரே கூறப்படவில்லை. தந்தை பெயரும் இல்லை. அரண்மனையில் பணிபுரிந்த எத்தியோப்பியன் என்னும் குறிப்பு மட்டும் உண்டு. அந்நிய நாட்டான், கருநிறத்தான், ஊழியன்: அவனைப்பற்றி ஊரார் அறிய விரும்பியது அவ்வளவே போலும்.

அவன் செய்த காரியம் யாது? கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் சேனை யெருசலேமை முற்றுகையிட்டது. நகரில் பஞ்சம் மிகுந்தது. எதிரியிடம் சரணடைந்தால் உயிர் பிழைக்கலாம் என்று எரேமியா வெளிப்படையாகப் பேசினார். போர்வீரரின் கையைத் தளரச் செய்கிறான் என்று பிரபுக்கள் நால்வர் அவர்மீது குற்றஞ்சாட்டி, அவரைக் கொல்லவேண்டும் எனக் கேட்டனர். மன்னன் சிதேக்கியா, அவர் உங்கள் கையில் இருக்கிறார், உங்களை மீறி என்னால் ஒன்றும் ஆகாது என்று கைவிரித்தான். அவர்கள் எரேமியாவைக் கயிற்றில் கட்டி ஒரு துரவில் இறக்கிவிட்டனர். அதில் நீரில்லை, சேறே இருந்தது. அச்சேற்றில் அவர் அமிழ்ந்தார்.

செய்தி கேட்ட எபெத்மெலேக், பென்யமீன் வாசலில் வீற்றிருந்த அரசனிடம் நேரே சென்றான். இம்மனிதர் செய்தது தீமை, அவர் பசியால் மாண்டுபோவார் என்று பலர் கூடும் அவ்விடத்திலே சொன்னான். அரசன் மனம் மாறி, ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய்த் தூக்கிவிடு என்று கட்டளையிட்டான்.

இங்கே ஒரு சிறு செய்தியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். எபெத்மெலேக் உடனே துரவுக்கு ஓடவில்லை. பொக்கிஷ அறையின் கீழிருந்த இடத்திற்குச் சென்று, கந்தைகளையும் கிழிந்த பழந்துணிகளையும் எடுத்துக்கொண்டான். அவற்றைக் கயிற்றில் இறக்கி, கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு எரேமியாவிடம் சொன்னான். ஓர் உயிரைக் காக்க விரைபவன், அவ்வுடல் படும் நோவையும் முன்கூட்டியே எண்ணினான். பாரம் இழுப்போர் இன்ன இடத்தில் கயிறு அறுக்கும் என்று அறிவர். அரியணையில் இருப்போர்க்கு அவ்வறிவு வருவது அரிது.

இனி, அந்த அரசனின் பெயரையும் பார்ப்போம். சிதேக்கியா என்பது அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. அவன் இயற்பெயர் மத்தனியா. கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் அவனைச் சிங்காசனத்தில் ஏற்றியபோது பெயரை மாற்றினான். புதிய பெயரின் பொருள் ‘யாவே என் நீதி’ என்பது. நீதியைப் பெயரில் தாங்கியவன் நீதிமானைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்தான். அடிமை என்று பெயர் பெற்றவன் அரசனுக்கு நீதியைக் கற்பித்தான். பிறன் இட்ட பெயரைச் சூடி, பிரபுக்களுக்கு அஞ்சி வாழ்ந்த அவ்விருவருள் அடிமை எவன்? எபெத்மெலேக்கும் அச்சம் அறியாதவன் அல்லன். அவன் அஞ்சிய மனிதர் கையில் அவன் விழமாட்டான் என்று பின்னர் அவனுக்கு வாக்களிக்கப்பட்டதாக அந்நூலே கூறும். அஞ்சியும் அவன் நடந்தான்.

அவன் பெயரின் பின்வரலாறு என்ன? குற்றஞ்சாட்டிய பிரபுக்களில் யூகால், கெதலியா என்னும் இருவரின் பெயர்கள், தந்தையர் பெயரோடு பொறிக்கப்பட்ட களிமண் முத்திரைகளாக முறையே 2005-லும் 2008-லும் யெருசலேம் அகழ்வில் வெளிப்பட்டன. காத்தவனுக்கோ முத்திரை ஏதும் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும், அதே பொருளுடைய பெயர் அதே நகரில் பின்னொரு காலத்தில் பெருமையுற்றது. அரபு மொழியின் ‘அப்து’, ‘மலிக்’ என்பன ‘எபெத்’, ‘மெலேக்’ என்பவற்றின் உடன்பிறந்த சொற்கள். கி.பி. 691-692-இல் யெருசலேமில் பாறைக் குவிமாடத்தைக் கட்டி முடித்த கலீபாவின் பெயர் அப்துல் மலிக். இந்நாட்டில் நம் அயலாரிடையும் வழங்கும் பெயரே அது. அங்கே அரசன் என்பது இறைவனைக் குறிக்கும். ஆதலால் அப்பெயர் தாங்கியவன் எந்த மனிதனுக்கும் அடிமையாகான். சொல் ஒன்றே, யாருக்கு அடிமை என்பதில் பொருள் தலைகீழாகின்றது.

எபெத்மெலேக்கின் செயல் பெரிது. ஆகவே எப்பெயரால் அழைத்தால் என்ன என்று சிலர் வாதிக்கலாம். நாம் அதற்கு உடன்படோம். அவன் நற்செயல் அவனைப் பெரியவனாக்கிற்று. அவன் பெயரைக் கேளாதிருந்தோரின் குற்றத்தை அது கழுவிவிடாது. மலாயாத் தோட்டங்களில் ஒருகாலத்தில் ஆயிரமாயிரம் மனிதர் ‘கூலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கப்பட்டனர். அவர்களுள்ளும் கந்தையை மடித்துப் பிறர் தோளுக்கு அணையாக வைத்தோர் இருந்திருப்பர். எத்தனை பேரின் இயற்பெயரை நாம் அறிவோம்?

ஆதலின் அன்பர்களே, நம் கடமை இரண்டு. பிறர் நமக்குச் சூட்டிய இழிபெயர் நம் நெஞ்சுக்குள் புகாதபடி காத்தல் ஒன்று. நமக்கு ஊழியஞ் செய்வோரை, அவர் செய்யும் வேலையின் பெயரால் அழையாது, அவர்தம் பெயரைக் கேட்டறிந்து அழைத்தல் மற்றொன்று. முன்னது இல்லையேல் நாம் அடிமைகள். பின்னது இல்லையேல், அரியணை இல்லாத சிதேக்கியாக்கள்.