திங்கட்கிழமை மூச்சு

ஒரு துன்பத்துக்கு உடம்பு பழகிவிட்டால், அந்தத் துன்பம் தீர்ந்ததாகக் கொள்ளலாமா? "எல்லாம் பழகிவிடும்" என்று புது மருமகளுக்கும் சொல்கிறோம். முதன்முதலாக ஆலைக்குப் போகிற பையனுக்கும் சொல்கிறோம்.

பஞ்சாலைகளில் பிஸ்ஸினோஸிஸ் என்று ஒரு நோய் உண்டு. பொதி பிரித்து உதறும் இடத்திலும் கார்டிங் பகுதியிலும் பறக்கும் தூசினால் வருவது. பல ஆண்டுகள் அந்தத் தூசில் நின்றவன் ஞாயிறு ஓய்ந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினால், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். அடுத்த நாட்களில் தளர்ந்துவிடும். 'பழகிவிட்டது' என்று அவனும் நம்பிவிடுவான். வருஷங்கள் செல்லச் செல்ல இறுக்கம் செவ்வாய்க்கும் புதனுக்கும் நீண்டு, கடைசியில் கிழமை பாராமல் நிலைத்துவிடும். 1950-களில் லங்காஷயர் ஆலைகளில் இந்தப் படிகளை ஆராய்ந்து தரம் பிரித்தவர் ரிச்சர்டு ஷில்லிங் என்ற மருத்துவர். சணலும் ஆளியும் சிக்கெடுப்போர் படும் பாட்டை இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி 1700-லேயே எழுதியிருந்தார். பெயர் வைத்தவர் அட்ரியன் புரூஸ்ட், 1877-ல். சிறுவயது முதல் மூச்சிரைப்பில் வாடிய நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டின் தகப்பனார் அவர்! 'பிஸ்ஸஸ்' என்றால் கிரேக்கத்தில் நயமான நார்த்துணி. தூத்துக்குடிக் கடலடியில் முத்துச் சிப்பி பாரைப் பற்றிக்கொள்ளும் நூலுக்கும் விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் அதுவே. ஒரு நோய்க்கு இவ்வளவு அழகான பெயர் வேண்டியதில்லை.

அதே தூத்துக்குடியில், 1908-ல், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்கக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறையையும் பெற்றார்கள். ஞாயிறே இல்லாதவனுக்குத் திங்கட்கிழமை ஏது? நோய் உள்ளே இருந்தாலும், தன்னைக் காட்டிக்கொள்ள அதற்கு ஒரு நாள் கிடையாது. ஓய்வு கிடைத்த பிறகுதான் உடம்பு வாய் திறந்து முறையிடுகிறது.

1961-ஓடு நின்றுபோன முத்துக்குளிப்பில், மூழ்குகிறவன் மூச்சைத் தானே அடக்கிக்கொண்டு இறங்குவான். கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க ஓர் ஆள் உண்டு. கார்டிங் தொழிலாளி அசைக்கும் கயிறு அந்தத் திங்கட்கிழமை இறுக்கம்தான். இழுக்கத்தான் ஆள் வேண்டும்.

"தெரிந்துதானே வந்தான்? கூலி வாங்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பழகிப்போனதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் பஞ்சுத் தூசைக் கட்டுப்படுத்த 1978-ல் விதி வந்தபோது, செலவையும் நன்மையையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டுமென்று ஆலைக்காரர்கள் வழக்காடினார்கள். தராசு தேவையில்லை, இயன்ற மட்டும் தொழிலாளியைக் காப்பதே சட்டத்தின் கட்டளை என்று 1981-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. தூசை உறிஞ்சும் யந்திரத்தின் விலை துணியின் விலையில் ஏறும், ஏறட்டும். கடையில் அதை முணுமுணுக்காமல் கொடுப்போமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.