பொறியும் பொய்யும்

பிறர் செய்து தந்த பொருளைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை ஒருவனுக்கு உண்டா என வினவின், உண்டு என்றே பலரும் விடையிறுப்பர். வாங்கிய மண்வெட்டிக்குத் தன் உயரத்திற்கேற்பப் பிடி போடும் தொழிலாளியை எவரும் குறைகூறார். ஆயின் மண்வெட்டிக்குக் கூறும் நியாயத்தை மோட்டார் வாகனத்துக்கும் அப்படியே கூறிவிடலாமா என்பது ஆராய்தற்குரியது. வேக வல்லமை மிக்க கார்களின் எஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் பின்னாளிற் பொருத்தி, உற்பத்தியாளர் வகுத்த எல்லைக்கு அப்பால் அவற்றைச் செலுத்தும் கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்துதல் அறமாகுமா என்பதே வினா.

இவ்வினாவை எழுப்புதற்குக் கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்ட பொருத்தமற்ற இடமெனத் தோன்றலாம். பந்தயத்தாற் பெயர்பெற்ற ஊரன்று அது. அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக ஹற்றனை நோக்கி ஏறும் நெடுஞ்சாலை அதனூடே செல்கிறது. தெரணியகலைப் பாதை அங்கே பிரிகிறது. இறப்பர், தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து செல்லும் இத்தகைய பாதைகளில் நடப்போர்க்கெனத் தனியிடம் அரிது. பால் வெட்டச் செல்வோரும் கொழுந்தெடுக்கச் செல்வோரும் பாடசாலைப் பிள்ளைகளும் வாகனங்களோடு ஒரே தாரையே பகிர்ந்துகொள்கின்றனர். ஆதலின் ஈண்டு இது வெறும் ஏட்டு வினாவாக இராது.

முதலிற் கருவியின் செயலை அறிதல் வேண்டும். இக்காலத்து டர்போ எஞ்சினில் எரிபொருளின் அளவையும், தீப்பொறி எழும் கணத்தையும், உட்செல்லும் காற்றின் அழுத்தத்தையும் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டகம் தீர்மானிக்கிறது. அதற்குச் செய்தி சொல்வன உணரிகள். சந்தையில் விற்கப்படும் சிறு பெட்டிகளிற் பல, உணரிக்கும் கட்டுப்பாட்டகத்துக்கும் இடையே புகுந்து, உள்ளதைவிடக் குறைந்த அழுத்தமே உள்ளதென அறிவிக்கின்றன. அதனை மெய்யென ஏற்ற கட்டுப்பாட்டகம் அழுத்தத்தை மேலும் உயர்த்த, எஞ்சினின் வலுவும் கூடுகிறது. வேறொரு முறையிற் கட்டுப்பாட்டகத்தின் நிரலே திருத்தி எழுதப்படும். தானியங்கிக் கியர்ப் பெட்டியிலோ எண்ணெய் அழுத்தம் கூட்டப்பட்டுக் கியர் மாறும் நேரம் குறுக்கப்படும். அப்பெட்டியைக் காக்கவென எஞ்சினின் முறுக்குவிசைக்கு இடப்பட்டிருந்த வரம்பும் தளர்த்தப்படும்.

இவற்றுள் முதலிற் கூறிய பெட்டி பொய் கூறியே தன் தொழிலை நடத்துகிறது. பொறியிடம் உரைக்கும் பொய் பொய்யாகுமா? பொறிக்கு மனமில்லை, ஏமாறுதற்கு அங்கே ஒருவருமில்லை என்பர் சிலர். இவ்விடையிற் பாதியே உண்மை. கட்டுப்பாட்டகத்திற் பதிந்திருப்பது மனிதரின் தீர்ப்பு. இவ்வெப்பத்துக்கு மேற் பிஸ்டன் தாங்காது, இவ்விசைக்கு மேற் கிளச் வழுக்கும் எனப் பரிசோதித்து அறிந்தோர் எழுதிவைத்த தீர்ப்பு அது. அதனைக் கற்று, வெப்பத்தை அளந்து, 92 ஒக்டேன் பெற்றோலை விடுத்து 95 ஒக்டேனுக்கு மாறி, காரணங்கண்டு திருத்துபவன் அத்தீர்ப்போடு வாதிடுகிறான். பெட்டியைச் செருகுபவனோ நீதிபதியின் கண்ணைக் கட்டிவிடுகிறான். இரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பது தவறு. வலியறிதலை விளக்க வந்த வள்ளுவர் வண்டியச்சையும் மயிலிறகையும் எடுத்துக்காட்டினார். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. எனினும் அதனை அவர் ஒரு வண்டிக்காரனிடமிருந்தே கற்றிருத்தல் கூடும்.

உற்பத்தியாளரின் சொல் வேதவாக்கென இதற்குப் பொருளன்று. ஜப்பானியக் கார் உற்பத்தியாளர்கள் தம் நாட்டிற் விற்கும் கார்களின் வலு 280 குதிரைவலுவை விஞ்சாது என 1989 அளவில் ஓர் உடன்பாடு கொண்டனர். 2004இல் அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் சில கார்களின் மெய்யான வலு ஏட்டில் எழுதியதை விஞ்சியே இருந்தது. 2015 செப்டெம்பரில் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் விவகாரமோ இதனினும் கொடியது. புகைப் பரிசோதனை நடப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் தூய்மையாக ஓடும் நிரலை அந்நிறுவனமே உலகெங்கும் ஏறக்குறைய 1.1 கோடி டீசல் வாகனங்களிற் பதித்திருந்தது. கராஜ்காரனை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது.

எனினும் எண்கள் சில கேள்விகளை எழுப்பவே செய்யும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கார்களின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 180 கி.மீ. அளவில் தடுக்கப்பட்டிருந்தது. அத்தடையை நீக்குவதும் இக்கருவிகள் ஆற்றும் பணிகளுள் ஒன்று. இலங்கையிலோ குடியிருப்புப் பகுதிகளிற் காருக்குரிய உச்ச வேகம் 50, ஏனைய சாதாரண வீதிகளில் 70, அதிவேகப் பாதையில் 100 கி.மீ. ஆகும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், 50இல் ஓடும் காரை நிறுத்த பிறேக் ஏற்கவேண்டிய ஆற்றல் 70இல் ஏறக்குறைய இருமடங்காகிறது. பெட்டி எஞ்சினை வலுப்படுத்துகிறதேயன்றிப் பிறேக்கையோ டயரையோ வலுப்படுத்துவதில்லை.

பந்தயத் திடலுக்கு இந்நியாயம் பொருந்தாது என்பர். 1934 முதல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் கண்ட நாடு இது. அங்கே ஓட்டுபவன் ஆபத்தை அறிந்தே ஏற்கிறான். அவ்விசைவுக்கு மதிப்பளித்தல் வேண்டும். ஆயினும் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவைப் பந்தயத்திற் கார் ஒன்று பாதையை விட்டு விலகியதில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் மாண்டனர். ஈண்டு அதனை நினைவுகூர்வது எக்கருவியையும் குற்றஞ்சாட்டுதற்கன்று. திடலிலேயே ஓட்டுபவனின் இசைவு பிறர் உயிரைக் காக்கப் போதாதெனின், திடலல்லாத தெஹியோவிட்ட வளைவில் அவ்விசைவுக்கு என்ன பெறுமதி? இறப்பர்ப் பால் வாளியோடு ஓரமாக நடப்பவர் எதற்கும் இசையவில்லை. அவரைக் கேட்டவருமில்லை.

அதற்காக மாற்றியமைத்தல் அனைத்தையும் தடைசெய்க என்பாரும் உளர். 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 வரை நீடித்தது. அவ்வாண்டுகளிற் பழைய வாகனங்களை ஓடச்செய்தது, இல்லாத பாகத்துக்கு மாற்றுப் பாகம் கண்ட கைவினைஞரின் மூளை. அத்திறனை நசுக்குவது பேதைமை. 2025 ஜனவரியிற் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள அனுமதியற்ற மேலதிக உதிரிகளை அகற்றப் பொலிஸார் முனைந்தபோது கண்ணிற் பட்டவை விளக்குகளும் ஹோர்ன்களும் அலங்காரங்களுமே. எஞ்சின் மூடியின் கீழ் உள்ள பெட்டியோ நிரலின் ஒரு வரியோ வீதியில் நிற்கும் பொலிஸ்காரருக்குத் தென்படாது. ஏழை முச்சக்கர வண்டிக்காரன் தண்டம் செலுத்த, விலையுயர்ந்த கார் உறுமிக்கொண்டு கடந்துவிடும்.

ஆகவே பொறுப்பிற் பெரும்பங்கு பொருத்துபவனையே சார்கிறது. பிறேக்கையும் டயரையும் முதலில் மாற்றாமற் பெட்டியைத் தொடமாட்டேன் எனக் கூறும் தொழில்நுட்பவியலாளன் ஒரு வாடிக்கையாளரை இழக்கக்கூடும். அடுத்த தெருவிலே வேறொருவன் அதைப் பொருத்திக்கொடுப்பான். அங்ஙனமாயினும் அவன் கூறவேண்டியது அதுவே. பொருத்திய பெட்டி என்றோ ஒருநாள் கழற்றவும் படும். காரை விற்க முனைபவர் அதைக் கழற்றி மேசை அறைக்குள் வைத்துவிட்டு, தேய்ந்த கியர்ப் பெட்டியோடு வண்டியைக் கைமாற்றுகிறார். பொறியிடம் உரைத்த பொய் பொய்யன்று என வாதிட்டவர், வண்டி எவ்வாறு ஓட்டப்பட்டது என வாங்குபவர் வினவும்போது, ஒரு மனிதருக்கு விடை கூறியாகவேண்டும்.