செருப்பு ஏற்கும் சாமி

ஒரு மனிதன் சாமியாவது அவன் பிறந்த குலத்தாலா, வாழ்ந்த வாழ்வாலா, செத்த விதத்தாலா? அம்பாசமுத்திரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இந்தக் கேள்வியைத் தந்தது பட்டவராயன் சன்னிதி.

பாபநாசம் மலைமேல், காரையாற்றுப் பக்கம், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்தையன் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நெல்லைச் சீமையே அங்கே திரளும். ஐயனாரைக் கும்பிட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தால் பட்டவராயன், கூடவே பொம்மக்கா, திம்மக்கா. இந்தச் சாமிக்குக் காணிக்கை செருப்பு. மற்ற கோயிலில் வாசலுக்கு வெளியே கழற்றிப் போடுகிற பொருளை இங்கே நேர்ந்துகொண்டு, புதுசாக வாங்கி வந்து கட்டித் தொங்கவிடுகிறார்கள். ராத்திரியில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காடு சுற்றுவார், அடுத்த வருசம் போய்ப் பார், அடி தேய்ந்திருக்கும் என்பார் என் மாமியார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அதையும் சொல்வார்.

கோயில் கொடை விழாவில் வில்லடிக்கிறவர்கள் பாடும் முத்துப்பட்டன் கதை பிறந்த இடம் இதுதான். அந்தணர் வீட்டுக் கடைசிப் பிள்ளை முத்துப்பட்டன். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டாரக்கரை அரசனிடம் வேலை பார்த்தவனை அண்ணன்மார் தேடிப் போய் அழைத்து வருகிறார்கள். வழியில் இந்த ஆற்றங்கரைக் காட்டில் இரண்டு பெண்களின் பாட்டுக் கேட்கிறது. அவர்கள் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள், பொம்மக்காவும் திம்மக்காவும். பெண் கேட்டுப் போனவனிடம் பகடை சொன்ன நிபந்தனை, பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக்கொண்டு வா என்பது. அண்ணன்மார் அவனைக் ஒரு கல் அறைக்குள் அடைத்துப் பார்க்கிறார்கள். தப்பி வந்து, சொன்னபடியே செய்து, இருவரையும் மணக்கிறான். பிறகு மாமனாரின் மாட்டுக் கிடையைக் கொள்ளையர் மறிக்கிறார்கள். சண்டை போட்டு விரட்டியவனை ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். அப்படிச் செத்த முத்துப்பட்டன்தான் பட்டவராயன்.

மாடு மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே சொல்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பலவற்றில் அப்படிச் செத்தவர்கள் இன்றைக்கும் வில்லும் கையுமாக நிற்கிறார்கள். பட்டவராயனும் அந்த வரிசையில் வந்த சாமி. அவன் காத்தது ஒரு பகடையின் மாடுகளை. அந்தணனாகப் பிறந்ததால் அவனைக் கும்பிடவில்லை. அந்தப் பிறப்பை உதறி, எடுத்துக்கொண்ட உறவுக்காக உயிரை விட்டதால் கும்பிடுகிறார்கள். என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தச் சித்தாந்த நூலிலும் படித்ததில்லை.

ஆனால் இந்தப் பதிலைத் தாங்க முடியாதவர்களும் இருந்திருக்கிறார்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள்தான், பகடை எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான் என்று ஒரு பிறப்புக் கதையைப் பாட்டில் நுழைத்துவிட்டார்கள். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, இது பின்னால் சேர்த்த சரக்கு என்று எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி என்பதற்குச் சன்னிதியே சாட்சி. அந்தப் பெண்கள் அந்தணர் மக்கள் என்றால் அங்கே செருப்புக்கு என்ன வேலை? ஏட்டில் எழுதுகிறவன் ஒரு வரியைச் செருகிவிடலாம், பாடுகிறவன் பயந்துகொண்டு ஒரு வரியை விழுங்கிவிடலாம். சனங்கள் வருசா வருசம் கையில் எடுத்துக்கொண்டு போகிற பொருளை யாரும் மாற்றவில்லை. பாட்டில் வரும் இடம் நிஜமாக இருப்பதன் பெருமை எனக்கு இதில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் என் மனசுக்கு ஒப்பவில்லை. சிங்கம்பட்டி ஜமீன்தாரிடம் அனுமதி கேட்டு அந்த இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள் என்று பாட்டு முடிகிறது. உயிரோடு இருந்திருந்தால் அவர்களை யார் கும்பிட்டிருப்பார்கள்? செத்த பிறகு தெய்வமாக்குவது சுலபம். பக்கத்து வீட்டில் வாழ விடுவதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேறு சாதியில் மனசு வைத்ததற்காகப் பிள்ளைகளை வெட்டிப் போடுகிற செய்தி இந்தத் தாமிரபரணிக் கரையிலிருந்தே இன்னும் வருகிறது. வெட்டச் சொல்கிறவர் வீட்டிலும் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள்.

பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்துகொள்கிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை வேறு சாதியில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அந்த அண்ணன்மார் செய்ததைச் செய்யாதீர்கள். இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, இலை போட்டுச் சோறு வையுங்கள்.