மருணீக்கியார் என்னும் பெயர்

ஒருவருடைய பெயரைக் கேட்ட மாத்திரத்தே அவர் குணம் இன்னதாயிருக்கும் என்று நாம் உள்ளத்தில் ஓர் உருவம் வரைந்துகொள்ளுகின்றோம். பெயர் அரியதாயின் அவ்வுருவம் இன்னும் அழுந்தப் பதிகின்றது. எழுத்தைக் கூட்டியுங் குறைத்தும் பெயரை எண்ணுக்கு இசைவித்தால் குணமும் வாழ்வும் மாறும் என்பாரும் இக்காலத்துப் பலர். பெயர் குணத்தைத் தருமோ என்னும் வினாவை ஆராய்தற்கு, மருணீக்கியார் என்னும் பெயரை ஈண்டு எடுத்துக்கொள்வாம். திருநாவுக்கரசு எனப் பிள்ளைக்குப் பெயரிடுவார் நம்மிடையே உளர். அப்பெருமானுக்குப் பெற்றோர் இட்ட பெயரைத் தம் பிள்ளைக்கு இடுவாரைக் காண்டல் அரிது.

மருள், நீக்கியார் என்னும் இருசொற்கள் புணர்ந்துழி, நகரம் ணகரமாய்த் திரிய, நிலைமொழி யீற்று ளகரங் கெட்டு, மருணீக்கியார் என நின்றது. மருளாவது மயக்கம், ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளும் உணர்வு. எவருடைய மருளை நீக்குபவர்? தம்முடையதையோ, பிறருடையதையோ? பெயரளவில் இது துணியப்படாது.

திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் இப்பெயரை இட்டபோது அவர்முன் இருந்தது ஒரு குழவியே. குணம் இன்னும் வெளிப்படவில்லை. அவ்விருவரும் மகனுடைய பிற்கால வாழ்வைக் காணாமலே இறந்தனர். நிலையாமை யுணர்ந்து அறச்சாலையுந் தண்ணீர்ப்பந்தரும் அமைத்த அம்மகனார், பின்னர்ச் சமணரை யடைந்து, அவர் நூல்களில் வல்லவராய்த் தருமசேனர் என்னும் பெயர் பெற்றார். சேக்கிழார் நோக்கில் அதுவே மருள். பெயர் குணத்தை ஆக்கவல்லதாயின், மருணீக்கி என்று அழைக்கப்பட்டு வளர்ந்தவர் மருளுட் புகுந்தது எங்ஙனம்?

அவருக்கு வாய்த்த பெயர்கள் நான்கு. தருமசேனர் என்பது கல்விக்காகச் சமணர் தந்தது. நாவுக்கரசு என்பது வீரட்டானத்திற் பாடிய பாட்டுக்காக இறைவன் தந்தது. அப்பர் என்பது ஞானசம்பந்தர் அன்பினால் அழைத்தது. இம்மூன்றும் கண்டபின் சொல்லிய சான்றுகள். முதற்பெயர் ஒன்றே காணுமுன் வைத்த விருப்பம். விருப்பத்தைச் சான்றாக எண்ணுதலே நாம் செய்யும் பிழை. திங்களூர் அப்பூதியடிகள் தம் மக்கள் இருவருக்கும் திருநாவுக்கரசு என்னும் ஒரே பெயரை இட்டார். அளவைகளுக்கும் அதுவே பெயர். அப்பெயர் காட்டியது தந்தையின் அன்பையன்றி மைந்தரின் இயல்பையன்று.

பள்ளிக்கூடத்தில் இவ்வேறுபாடு மறக்கப்படுகின்றது. அறிவழகன் எனப் பெயர்கொண்ட சிறுவன் கணக்கிற் பிழைத்தால், "பெயரைப் பார், கணக்கைப் பார்" என ஆசிரியர் நகைக்கின்றார். வகுப்பு முழுதும் உடன் நகைக்கின்றது. அச்சிறுவன் அப்பெயரைத் தானே கேட்டுப் பெற்றவனல்லன். பெற்றோர் விருப்பத்தை அவன்மேற் கடனாகச் சுமத்தித் தண்டிப்பது எந்நீதி? அரிய பெயருடைய பிள்ளைக்கோ இத்துன்பம் இருமடங்கு. முதல்நாளிலேயே அதன் பொருளை வகுப்பறிய ஒருமுறை எடுத்துரைப்பின் நகை பெரும்பாலும் அடங்கும்.

புகழனார் இட்ட பெயரை மெய்ப்படுத்தத் துணைநின்றவர் திலகவதியார். தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபின்னும் தம்பியார் பொருட்டே உயிர் தாங்கியவர் அவர். சூலைநோய் முடுக்க இரவில் வந்து அடியில் வீழ்ந்த தம்பியாரை, மருணீக்கி என்னும் பெயரைச் சுட்டி அவ்வம்மையார் இகழ்ந்திலர். திருநீறு அளித்து, திருவலகும் தோண்டியும் கையிற்கொண்டு, திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார்.