53 மணிச் செபம்

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். 1928இல் அந்த ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது கூடவே வந்த குடும்பம் எங்களுடையது. சாயங்காலம் சங்கு ஊதியதும் சைக்கிளில் வீடு வந்து சேர்வார். மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவார். எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் நிற்கும். அது ஏறி ஏறி, செபமாலையின் மரமணிகள் இரும்புபோலக் கறுத்திருந்தன.

தினமும் 53 மணி. காய்ச்சல், பரீட்சை, விருந்தாளி என்று எந்தச் சாக்கும் செல்லாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. செபங்களின் தமிழும் மாறியது. நாங்கள் ‘விண்ணுலகு’ என்போம். அவர் கடைசிவரை ‘பரமண்டலம்’தான். ஒரே செபம் வீட்டுக்குள் இரண்டு தமிழில் ஓடும். நாங்கள் முன்னால் முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருப்போம்.

பதினேழு வயதில் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்: “தினமும் இதையேதான் சொல்றோம். இது பக்தியாப்பா, பழக்கமா?”

“அடுத்த மணியச் சொல்லு” என்றார்.

அவருக்கு நெருக்கமான புனிதர் சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கையும் புரட்டினாலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. எழுந்தார், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார், திரும்பி வந்தார். அந்தத் தச்சரைத்தான் வீரமாமுனிவர் காவியத் தலைவராக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். ஆனாலும் பீடம் ஏறியவர்களில் துறவிகளும் மறைசாட்சிகளுமே அதிகம். நம் தேவசகாயம் மனைவியோடு வாழ்ந்தவர். 2022இல் அவர் புனிதரானதும் மறைசாட்சியாகத்தான். குழந்தை தெரேசம்மாளின் அப்பா அம்மாவை ஒரே சடங்கில் சேர்த்துப் புனிதராக்க 2015 ஆகிவிட்டது. இந்தத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தம்தான். உயிரைக் கொடுப்பது பெரிது, சந்தேகமில்லை. அப்பா 91 வயது இருந்தார்; முப்பத்து மூவாயிரம் நாளுக்கு மேல். அத்தனை நாளும் எழுந்து, வேலைக்குப் போய், கோபத்தை அடக்கி, வீட்டுக்கே திரும்பி வருவதும் லேசில்லை.

கோபத்தை எல்லா நாளும் அடக்கினார் என்று சொல்ல மாட்டேன். தங்கை வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. அம்மா அழுதாள், சாமியார் வந்து சொன்னார், கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷமும், செபம் முடிந்து பிள்ளைகள் பேரைச் சொல்லி வேண்டும்போது, அவள் பேரை ஒருநாளும் விட்டதில்லை. கோபத்தில் சொன்னாரா, பாசத்தில் சொன்னாரா, வாய்ப்பழக்கத்தில் வந்ததா? எப்படியோ, வாசலில் பேரனோடு அவள் வந்து நின்ற அன்று அவர் நாக்குக்கு அந்தப் பேர் புதிதாக இல்லை.

என் கேள்விக்கு அவர் வாயால் பதில் சொன்னதே இல்லை. அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. ஆள் வைக்கலாம் என்றோம், மறுத்துவிட்டார். சாயங்காலமானால் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தலை வாருவார். இன்ஜின் பிரித்துப் பூட்டிய விரல்கள் அந்தக் கொஞ்ச முடியை மூன்றாக வகுத்துப் பின்னப் படாத பாடு படும். பின்னல் கோணிக்கொண்டால் அவிழ்த்து மறுபடி போடுவார். ஒருநாள் அம்மா திரும்பிப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாள்.

“இந்த வீட்டுக்காரன்தான்.”

“நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு அம்மா தலையைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா ரிப்பனைக் கட்டிவிட்டு மெழுகுவத்தி ஏற்ற எழுந்தார். ஏழு வருஷம் இப்படித்தான் போனது.

அடக்கத்தன்று அவர் கையில் புதுச் செபமாலை ஒன்றைச் சுற்றினோம். பழையதைத் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். போன கல்லறைத் திருநாளுக்கு எடுத்து வந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தாளாம். மணிகளைக் கோத்திருக்கும் கம்பிக் கண்ணிகளில் ஒர்க்‌ஷாப் கறுப்பு அப்படியே இருக்கிறது.