பன்றியும் பழியும்

உலகத்தார் அசுத்தத்துக்கு உவமை தேடுமிடத்து முதலில் எடுப்பது பன்றியையே. அழுக்கு வஸ்திரத்தோடு பாடசாலைக்கு வந்த பிள்ளையை அப்பெயராற் கடிவாரும் உளர். சேற்றிற் புரளுதல் பன்றியின் குணமோ, அன்றி அதற்கு நேர்ந்த அவசியமோ என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

மனுஷர் வெயிலில் வியர்க்கின்றனர். வியர்வை உலரும்போது உடம்பு குளிர்கின்றது. பன்றிக்கோ உடம்பைக் குளிர்விக்கத்தக்க வியர்வை இல்லையென்றே சொல்லலாம். அதன் உடம்புச் சூடு ஏறக்குறைய 39 பாகை செல்சியஸ். வளர்ந்த பன்றிக்கு இதமாவது 20 பாகையளவான காற்று. 25 பாகைக்கு மேற்படின் அது வருந்தத் தொடங்கும். உண்ட உணவை உடம்பு பயன்படுத்தும் அனுசேபத்தினாலும் உள்ளே சூடு பிறத்தலின், அது உணவைக் குறைக்கின்றது; விரைந்து மூச்சுவிடுகின்றது; நண்பகலில் அசைவின்றிக் கிடக்கின்றது; சேறு கண்டவிடத்துப் புரளுகின்றது. சேற்றின் ஈரம் வெறுநீரினும் நெடுநேரம் நின்று உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கும். அன்று பிறந்த குட்டிக்கோ குளிரே பகை. அதற்கு 34 பாகையளவான சூடு வேண்டும். ஆதலின் குட்டிகள் ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்கும்.

இடமுங் குளிர்ச்சியும் உளவாயின், பன்றி தான் படுக்குமிடத்தில் மலங்கழியாது. ஒதுக்கமாக வேறோரிடத்திற் கழிக்கும். நெருக்கமான தொழுவத்தில் வெப்பம் மிகின், ஈரமுள்ள இடம் வேறின்மையால் தன் மலசலத்தின்மேலேயே கிடக்கும். அடைத்தவன் செய்த குற்றத்துக்கு அடைபட்ட பிராணி பழி சுமக்கின்றது. பிரித்தானியாவில் 1965-ம் ஆண்டிலே பிரம்பெல் குழுவினர், வளர்ப்பு விலங்குகளுக்கு எழவும் படுக்கவும் திரும்பவும் இடம் வேண்டும் என்றனர். சினைப்பன்றியைத் திரும்பவொட்டாது அடைக்குங் கூடு அங்கே 1999-ம் ஆண்டில் விலக்கப்பட்டது.

‘யாம் புலாலுண்ணோம், இவ்விசாரம் எமக்கு எதற்கு?’ எனச் சிலர் வினாவுவர். ஜீவகாருணியம் உண்ணாமையளவில் நிற்பதன்று. சொல்லாலும் நினைவாலும் ஓருயிரை இகழாமையும் அதன்பாற்படும். திருவிளையாடற் புராணத்திலே, தாய் தந்தையரை இழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டுக்கும் சிவபெருமான் தாய்ப்பன்றியாய் எழுந்தருளிப் பாலூட்டினமையை நாமே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கின்றோம். இறைவன் தாயாய் அணைத்த உயிரின் பெயரை நாம் ஏசற்சொல்லாக வழங்குதல் தகுமா?

ஆசிரியர்காள்! அழுக்கோடு வந்த பிள்ளையைக் கடியுமுன், அதன் வீட்டிலே கிணறு உண்டோ, மாற்றுடை உண்டோ என வினாவுங்கள். காரணம் அறியாது கூறும் பழி கூறியவரையே சாரும்.